டெல்டா ஜி கணக்கு பிழைத்தால்: விடையைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

உயர்தர இரசாயனவியலில் எந்திரப்பி, கிப்ஸ் சக்தி என்று வந்ததும் தடுமாறி நிற்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளைகளின் விடைகளைத் தொடர்ந்து திருத்தி வருகிறவருக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: பிழைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில வகைதான், ஒவ்வொன்றும் விடையிலேயே தன் அடையாளத்தை விட்டுவிட்டுப் போகும். அதனால் கணக்கு பிழைத்தவுடன் பாடத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிக்கத் தொடங்காதீர்கள். நம் பக்கம் விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் குறைவு, இரசாயனவியல் சேரைப் பிடித்து ஒரு சந்தேகம் கேட்பதற்கே சிலர் பஸ் ஏற வேண்டும். போகுமுன் வீட்டிலேயே எவ்வளவு பிழையைப் பிடிக்கலாமோ அவ்வளவையும் பிடித்துவிடுங்கள்.

கையில் இருக்க வேண்டியது ஒரே சமன்பாடு. டெல்டா ஜி = டெல்டா எச் − டி × டெல்டா எஸ். டெல்டா என்றால் மாற்றம், ஜி கிப்ஸ் சக்தி, எச் வெப்பவுள்ளுறை, எஸ் எந்திரப்பி, டி கெல்வினில் வெப்பநிலை. டெல்டா ஜி மறையாக வந்தால் மாற்றம் சுயமாக நடக்கக்கூடியது, நேராக வந்தால் அந்தத் திசையில் நடக்காது, பூச்சியம் என்றால் சமநிலை.

அறிகுறி 1: எண் விடையே பிழை

முதலில் இந்தச் சோதனைக் கணக்கைச் செய்து பாருங்கள். ஐதரசன் வாயு ஒரு மூலும் ஒட்சிசன் வாயு அரை மூலும் சேர்ந்து திரவ நீர் ஒரு மூல் உண்டாகிறது. டெல்டா எச் −285.8 கிலோயூல். நியம எந்திரப்பிகள், ஒரு மூலுக்கு ஒரு கெல்வினுக்கு யூலில்: ஐதரசன் 130.7, ஒட்சிசன் 205.2, திரவ நீர் 69.9, நீராவி 188.8. வெப்பநிலை 298 கெல்வின். டெல்டா ஜி என்ன?

சரியான விடை −237.1 கிலோயூல். டெல்டா எஸ் −163.4 யூல், அதை 298 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் −48.7, −285.8 இலிருந்து −48.7 ஐக் கழித்தால் −237.1. உங்களுக்கு வேறு எண் வந்திருந்தால் அந்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும்.

*48,000க்கு மேல் ஒரு பெரிய நேர் எண் வந்ததா?*
அலகுதான். டெல்டா எச் கிலோயூலில், டெல்டா எஸ் யூலில் இருக்க, இரண்டையும் அப்படியே போட்டுவிட்டீர்கள். எல்லாப் பிழைகளிலும் இதுதான் முதலிடம், இதைத் திருத்துவதுதான் சுலபமும்கூட. தரவை எழுதும்போதே டெல்டா எஸ்ஸை 1000 ஆல் வகுத்துக் கிலோயூலாக எழுதிக்கொள்ளுங்கள், கடைசியில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் பரீட்சை அவசரத்தில் மறந்துபோகும். இந்த வினாத்தாளுக்குக் கல்குலேட்டரும் அனுமதியில்லை, அதனால் ஒரு மனக்கணக்கைப் பழகி வையுங்கள்: 298 கெல்வினில் டி × டெல்டா எஸ் என்பது டெல்டா எஸ்ஸின் யூல் எண்ணை 0.3 ஆல் பெருக்கினால் கிடைக்கிற கிலோயூல், கிட்டத்தட்ட. 160 யூல் என்றால் 48 கிலோயூல். உங்கள் விடை அதன் பக்கத்திலேயே வரவில்லை என்றால் அங்கேயே நின்று பாருங்கள்.

*−281.7 வந்ததா?*
298க்குப் பதிலாக 25 போட்டிருக்கிறீர்கள். டி எப்போதும் கெல்வினில்.

*−334.5 வந்ததா?*
குறிப் பிழை. கழித்தலும் மறைக் குறியும் அடுத்தடுத்து வரும் இடத்தில் ஒன்றை விழுங்கிவிட்டீர்கள். டெல்டா எஸ்ஸை அடைப்புக்குள் அதன் குறியோடு எழுதி, அடுத்த வரியில்தான் அடைப்பை நீக்க வேண்டும். இந்த ஒரு வரியை மிச்சம் பிடிக்கப் போய் முழுக் கேள்வியையும் இழந்த விடைத்தாள்கள் நிறைய.

*−306.6 வந்ததா?*
மூலகங்களின் எந்திரப்பியைப் பூச்சியமாக எடுத்திருக்கிறீர்கள். நியம நிலையில் இருக்கும் மூலகத்தின் தோன்றல் வெப்பவுள்ளுறைதான் பூச்சியம், எந்திரப்பி அப்படி இல்லை. அட்டவணையில் ஐதரசனுக்கு 130.7 என்று எண் போட்டிருக்கிறார்களே, அதைப் பயன்படுத்தத்தான்.

*−206.5 வந்ததா?*
ஒட்சிசனுக்கு முன்னால் இருக்கிற அரையை விட்டுவிட்டீர்கள்.

*−272.5 வந்ததா?*
திரவ நீருக்குப் பதில் நீராவியின் 188.8 ஐ எடுத்துவிட்டீர்கள். சமன்பாட்டில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பக்கத்தில் இருக்கிற திரவம், வாயு, திண்மம் என்ற சின்னக் குறியை விரல் வைத்துப் பார்த்துவிட்டு அட்டவணைக்குப் போங்கள்.

*−474.2 வந்ததா?*
இது பிழையில்லை. சமன்பாட்டை இரண்டு மூல் நீருக்கு எழுதியிருக்கிறீர்கள். கேள்வி எத்தனை மூலுக்குக் கேட்கிறது என்பதை மட்டும் பாருங்கள்.

*இவை எதுவுமே இல்லையா?*
பெருக்கல் கூட்டலை இன்னொரு முறை சரிபாருங்கள். அதன் பிறகும் பொருந்தவில்லை என்றால் பிழை இதற்கு முந்தைய பாடத்தில், எசுவின் விதியில், இருக்க அதிக வாய்ப்பு உண்டு. விளைபொருள்களின் கூட்டுத்தொகையிலிருந்து தாக்கிகளின் கூட்டுத்தொகையைக் கழிக்க வேண்டும், தலைகீழாகச் செய்யவில்லையே? அதுவும் சரி என்றால் தாளோடு சேரிடம் போக வேண்டிய இடம் இதுதான்.

அறிகுறி 2: டெல்டா எஸ்ஸின் குறியை ஊகிக்கத் தெரியவில்லை

"ஒழுங்கீனம்" என்ற சொல்லை வைத்து மனதில் படம் போட்டுக்கொண்டிருந்தால் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் வாயு மூல்களை எண்ணுங்கள். வாயு கூடினால் நேர், குறைந்தால் மறை. நைதரசன் ஒன்று, ஐதரசன் மூன்று, ஆக நான்கு மூல் வாயு சேர்ந்து இரண்டு மூல் அமோனியா: மறை, எண் −199 யூல் அளவில் வரும். வாயு மூல்கள் சமமாக இருந்தால் டெல்டா எஸ் சின்ன எண்ணாக இருக்கும், குறியை ஊகிக்கப் போகாமல் அட்டவணையைப் பாருங்கள். கரைசலில் அயன்கள் இருக்கிற கணக்கிலும் அப்படித்தான், ஏனென்றால் அயனைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் கட்டுப்பட்டுப்போவதால் கரைந்தும் எந்திரப்பி குறைகிற உப்புகள் இருக்கின்றன.

அறிகுறி 3: "எந்திரப்பி குறைகிறது, பிறகு எப்படித் தானாக நடக்கும்?"

இந்தக் கேள்வி வந்தால் சந்தோஷப்படுங்கள், யோசிக்கிற பிள்ளைக்குத்தான் இது வரும். காரணம் எப்போதும் ஒன்றே: தொகுதியை மட்டும் பார்த்துவிட்டுச் சூழலை விட்டுவிட்டீர்கள். கூட வேண்டியது இரண்டும் சேர்ந்த மொத்த எந்திரப்பி.

தை மாசியில் நுவரெலியாவில் விடியற்காலை புல்லிலும் தேயிலைக் கொழுந்திலும் பனி உறைந்து கிடக்கும், வெயில் பட்டதும் கொழுந்து கருகிப்போகும், தோட்டத்தில் இருக்கிற யாருக்கும் இது தெரியும். நீர் உறையும்போது மூலுக்கு 22.0 யூல்/கெல்வின் அளவு எந்திரப்பி குறைகிறது. ஆனால் அதே நேரம் 6010 யூல் வெப்பம் சூழலுக்குப் போகிறது. அந்த வெப்பத்தைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் சூழலின் எந்திரப்பி எவ்வளவு கூடியது என்று தெரியும். −10 பாகையில், அதாவது 263 கெல்வினில், 6010 / 263 = 22.9. மொத்தம் +0.9, ஆகவே உறையும். +10 பாகையில், 283 கெல்வினில், 6010 / 283 = 21.2. மொத்தம் −0.8, ஆகவே உறையாது. (22.0, 6010 ஆகிய எண்கள் இந்தச் சின்ன இடைவெளியில் மாறவில்லை என்று வைத்துக்கொண்டோம், நம் தேவைக்கு அது போதும்.) அதே வெப்பம்தான், குளிர்ந்த சூழலுக்குள் போகும்போது அதிக எந்திரப்பியைக் கூட்டுகிறது. இந்த ஒரு கணக்கைக் கையால் செய்து பார்த்த பிள்ளைக்கு டெல்டா ஜி என்ற சமன்பாடு எங்கிருந்து வருகிறது என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது. மொத்த எந்திரப்பி மாற்றத்தை −டி ஆல் பெருக்கிப் பாருங்கள், டெல்டா ஜி தானாக வந்து நிற்கும்.

*இதன் மறுபக்கம்: "வெப்பத்தை உறிஞ்சுகிற மாற்றம் எப்படித் தானாக நடக்கும்?"*
வாளித் தண்ணீரில் யூரியாவைப் போட்டுக் கலக்கிப் பாருங்கள், வாளி சில்லென்று ஆகும். கரைதல் மூலுக்கு 15 கிலோயூல் அளவில் வெப்பத்தை எடுக்கிறது, ஆனாலும் தானாகவே கரைகிறது, ஏனென்றால் டி × டெல்டா எஸ் அந்த 15 ஐத் தாண்டிவிடுகிறது. "புறவெப்பம் என்றால் சுயமாக நடக்கும்" என்று எங்காவது குறிப்பில் எழுதி வைத்திருந்தால் அந்த வரியை இப்போதே வெட்டிவிடுங்கள்.

அறிகுறி 4: வெப்பநிலை எல்லை தலைகீழாக வருகிறது

டெல்டா ஜியைப் பூச்சியமாக்கி டி = டெல்டா எச் / டெல்டா எஸ் என்று எண்ணைச் சரியாகவே கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் "இதற்கு மேலா கீழா" என்பதில் புள்ளி போய்விடும். மறை எண்ணால் சமனிலியை வகுக்கும்போது குறி திரும்புவதை மறப்பதுதான் வழக்கமான காரணம். சமனிலியையே தொடாமல் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது: வெப்பநிலை மிகவும் குறைந்து டி × டெல்டா எஸ் ஒன்றுமில்லாமல் போய்விட்டதாக நினையுங்கள், மிஞ்சுவது டெல்டா எச் மட்டும். அது மறை என்றால் தாழ்ந்த வெப்பநிலையில் நடக்கிற தாக்கம், நேர் என்றால் உயர்ந்த வெப்பநிலைதான் அதற்கு வேண்டும்.

சுண்ணாம்புக்கல்லை எடுங்கள். கல்சியம் காபனேற்று பிரிந்து கல்சியம் ஒட்சைட்டும் காபனீரொட்சைட்டும் வருவதற்கு டெல்டா எச் +178 கிலோயூல், டெல்டா எஸ் +160 யூல் அளவில். 178000 / 160 = 1112 கெல்வின், சுமார் 840 பாகை செல்சியஸ். டெல்டா எச் நேர், ஆகவே இதற்கு மேல். சுண்ணாம்புச் சூளைக்கு அவ்வளவு விறகு தின்னக் கொடுப்பது இதற்குத்தான். அமோனியாவில் டெல்டா எச் −92.2, டெல்டா எஸ் −199. எல்லை 463 கெல்வின், சுமார் 190 பாகை. டெல்டா எச் மறை, ஆகவே நியம நிலையில் இதற்குக் கீழ்தான் சுயமாக நடக்கும்.

*டி மறை எண்ணாக வந்ததா?*
கணக்கு பிழைத்துவிட்டது என்று அழிக்க வேண்டாம். டெல்டா எச்சும் டெல்டா எஸ்ஸும் எதிர்க் குறியில் இருந்தால் எல்லையே கிடையாது என்று அர்த்தம். டெல்டா எச் மறை, டெல்டா எஸ் நேர் என்றால் எந்த வெப்பநிலையிலும் சுயமாக நடக்கும், இரண்டும் மாறி இருந்தால் எந்த வெப்பநிலையிலும் நடக்காது. அதை ஒரு வசனமாக எழுதினால் அதுவே விடை.

அறிகுறி 5: டெல்டா ஜி மறை, ஆனால் நிஜத்தில் ஒன்றும் நடக்கவில்லை

இங்கே கணக்கில் பிழை இல்லை, டெல்டா ஜியிடம் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். எந்தத் திசை என்பதை அது சொல்லும், எவ்வளவு வேகம் என்பதைச் சொல்லாது. வேகம் ஏவற்சக்தியின் கையில். சமையல் காஸில் இருக்கிற புரொப்பேன் ஒரு மூல் எரிந்தால் டெல்டா ஜி −2100 கிலோயூலுக்கும் கீழே போகும், ஆனாலும் தீக்குச்சியோ பொறியோ படும்வரை அது காற்றோடு கலந்து சும்மா இருக்கும் (காஸ் மணம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் கதவு ஜன்னலைத் திறக்கச் சொல்வதும் இதனால்தான், தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்). வைரம் பென்சிற்கரியாக மாறுவதற்கு டெல்டா ஜி −2.9 கிலோயூல், மறைதான், ஆனால் யாருடைய மோதிரமும் கரியாகிப் போனதில்லை.

பரீட்சை விடையில் "சுயமாக நடக்கும்" என்று எழுதும் இடத்தில் "விரைவாக நடக்கும்" என்று எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஊக்கி டெல்டா ஜியை மாற்றும் என்று எங்காவது எழுதியிருந்தால் அதையும் வெட்டுங்கள், ஊக்கி ஏவற்சக்தியைக் குறைக்கிறது, அவ்வளவுதான்.

அறிகுறி 6: டெல்டா ஜியும் நியம டெல்டா ஜியும் குழம்புகின்றன

எல்லாவற்றிலும் அதிக நேரம் பிடிக்கிற கோளாறு இது. பேராதனைக்கோ வேறு பல்கலைக்கழகத்துக்கோ போய் முதலாம் வருடத்தில் உட்கார்ந்த பிறகும் இதைச் சுமந்துகொண்டு திரிகிறவர்கள் உண்டு, அதனால் இங்கே அவசரப்படாதீர்கள்.

எப்படித் தெரியும்? "சமநிலையில் நியம டெல்டா ஜி பூச்சியம்" என்று எழுதுவீர்கள், அல்லது "நீர் 100 பாகையில்தான் ஆவியாக வேண்டும், பிறகு துணி எப்படிக் காய்கிறது" என்று கேட்பீர்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. தலையில் நியமக் குறி போட்ட டெல்டா ஜி, எல்லாம் நியம நிலையில் இருக்கும்போது, அதாவது வாயு ஒரு வளிமண்டல அமுக்கத்தில் இருக்கும்போது என்ன என்பதைச் சொல்கிறது (இன்று நியமமாக ஒரு பார் எடுப்பார்கள், வித்தியாசம் சிறிது). குறி போடாத டெல்டா ஜி, இந்த நிமிடம் இங்கே இருக்கிற அமுக்கத்தில் என்ன என்பதைச் சொல்கிறது. இரண்டையும் இணைப்பது இது: டெல்டா ஜி = நியம டெல்டா ஜி + ஆர் × டி × (கியூவின் இயற்கை மடக்கை). ஆர் வாயு மாறிலி, 8.314, யூலில். கியூ என்பது இந்த நிமிடம் இருக்கிற விளைபொருள்களின் அளவுக்கும் தாக்கிகளின் அளவுக்கும் உள்ள விகிதம், சமநிலை மாறிலி கே போலவே எழுதுவது. ஆவியாதலில் அது நீராவியின் பகுதியமுக்கம், வளிமண்டலத்தில்.

ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், மேல்மாடியில் கொழுந்தைப் பரப்பி வாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். 25 பாகையில் நீர் ஆவியாவதற்கு நியம டெல்டா ஜி +8.6 கிலோயூல். நேர் எண், அப்படியானால் கொழுந்து வாடவே கூடாது. ஆனால் அங்கே நீராவி ஒரு வளிமண்டலத்தில் இல்லை. 0.02 வளிமண்டலம் என்று வைத்தால், ஆர் × டி × மடக்கை −9.7 கிலோயூல் வரும், டெல்டா ஜி −1.1, நீர் போகும், கொழுந்து வாடும். பகுதியமுக்கம் 0.031 அளவுக்கு ஏறினால் இரண்டும் சரிசமமாகி டெல்டா ஜி பூச்சியம், காற்று நிரம்பிவிட்டது, நீர் போகாது. மூடுபனியும் மழையுமாக இருக்கிற நாளில் வாட்டுவதற்குச் சூடான காற்றை ஊத வேண்டியிருப்பது இந்த மடக்கைப் பகுதியால்தான். பூச்சியம் ஆனபோதும் நியம டெல்டா ஜி அதே +8.6 ஆகவே இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்றையும் செய்து பாருங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1868 மீற்றர், வளியமுக்கம் 0.8 வளிமண்டலம் அளவில். நீர் கொதிக்க டெல்டா எச் 40.7 கிலோயூல், டெல்டா எஸ் 109.1 யூல். 94 பாகையில், 367 கெல்வினில், நியம டெல்டா ஜி 40700 − 367 × 109.1, சுமார் +660 யூல். 0.8 இன் இயற்கை மடக்கை −0.223, அதை 8.314 × 367 ஆல் பெருக்கினால் −680 யூல். கூட்டினால் கிட்டத்தட்டப் பூச்சியம். அதாவது நுவரெலியாவில் கேத்தில் 94 பாகையிலேயே கொதிக்கிறது, கொழும்பில் 100 பாகை வேண்டும்.

*சமநிலை மாறிலிக் கணக்கில் விடை ஏறத்தாழ 2.3 மடங்கு பிழைக்கிறதா?*
இயற்கை மடக்கைக்குப் பதிலாகப் பத்தின் மடக்கையைப் போட்டிருக்கிறீர்கள், 2.303 ஆல் பெருக்க வேண்டும். சமநிலையில் டெல்டா ஜி பூச்சியம், ஆகவே நியம டெல்டா ஜி = − ஆர் × டி × (கேயின் இயற்கை மடக்கை). மனக்கணக்குக்கு: 298 கெல்வினில் 5.7 கிலோயூலுக்கு ஒரு பத்து மடங்கு. அமோனியாவுக்கு −32.9 கிலோயூல், 5.7 ஆல் வகுத்தால் 5.8 அளவில், கே பத்தின் 5.8 ஆம் அடுக்கு, ஆறு இலட்சம் அளவில்.

*அமோனியா ஆலை 190 பாகைக்கு மேல் எப்படி ஓடுகிறது?*
அங்கே 400 முதல் 500 பாகை வரை வைக்கிறார்கள், அந்தச் சூட்டில் நியம டெல்டா ஜி நேர்தான். குறைந்த சூட்டில் தாக்கம் ஊர்கிறது (அறிகுறி 5), அதனால் சூட்டைக் கூட்டி, ஊக்கியும் போட்டு, நூற்றுக்கணக்கான வளிமண்டல அமுக்கத்தால் கியூவைக் கீழே தள்ளி டெல்டா ஜியை மறையாக்குகிறார்கள். நம் மலைக்குப் போடுகிற யூரியா அந்த அமோனியாவிலிருந்து வருவது.

இந்த அறிகுறியில் கொழுந்துக் கணக்கையும் கேத்தில் கணக்கையும் பார்க்காமல் செய்ய வந்தும் குழப்பம் போகவில்லை என்றால் தனியாகப் போராட வேண்டாம், சேரிடம் போங்கள். பாடசாலையில் இந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை என்றால் வலயக் கல்வி அலுவலகத்தில் விஞ்ஞான ஆசிரிய ஆலோசகரைக் கேட்டுப் பாருங்கள். மடக்கையே வரவில்லை என்றால் இரசாயனவியல் சேருக்காகக் காத்திருக்காமல் கணித சேரிடம் போகலாம், ஒரு பின்னேரம் போதும். எங்கே போனாலும் பிழைத்த விடையை அழிக்காமல், எல்லா வரிகளோடும் அந்தத் தாளையே கொண்டுபோங்கள், "விளங்கவில்லை சேர்" என்று வெறுங்கையோடு நின்றால் அவர் முதலிலிருந்து தொடங்குவார், பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.